ஒரு முழத் தண்ணீருக்கு ஒரு படகு: ஆழமில்லாத ஆற்றில் மீன்பிடிக்கச் சிறு மோட்டார் படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காவிரிக் கரையில் ஆழத்தை மீட்டரில் யாரும் சொல்வதில்லை. கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், கழுத்துத் தண்ணீர், அதற்கு மேல் போனால் 'ஆள் முழுகும்' என்று உடம்பையே அளவுகோலாக வைத்துத்தான் ஒகேனக்கல், ஊட்டமலை, நாகமரைப் பக்கத்து மக்கள் பேசுகிறார்கள். முதல் முறையாகச் சிறு மோட்டார் படகு வாங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. கடைக்குப் போனதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி 'எத்தனை குதிரைத்திறன்?' என்பதாகத்தான் இருக்கிறது. ஆழமில்லாத ஆற்றைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, 'எந்தத் தண்ணீரில் தரை தட்டாமல் ஓடும், முழங்கால் தண்ணீரிலா, இடுப்புத் தண்ணீரிலா?' என்பதுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் நீர்நிலைகளை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் விளங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறக்கப்படும்போது பிலிகுண்டுலுவைக் கடந்து வரும் காவிரியும், மார்ச் மாதத்தில் பாறைகளுக்கு இடையே நெளிந்து ஓடும் காவிரியும் ஒரே ஆறு என்று நம்புவதே கடினம். மேட்டூர் அணையின் முழு உயரமான 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும்போது ஒட்டனூரிலும் நாகமரையிலும் கடல் போலப் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, கோடையில் அணை வற்றியதும் சேற்றுத் திட்டுகளாகவும் வாய்க்கால்களாகவும் சுருங்கிவிடுகிறது. எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் அப்போதுதான் வெளியே தலைகாட்டும். அவற்றைக் காண மக்கள் கூட்டமாகப் போவது உண்டு. படகு வாங்குபவர் அதே காட்சியை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓரளவு ஏறி அவை கண்ணுக்கு மறைந்திருக்கும் மாதங்களில், படகின் அடியிலிருந்து எத்தனை அடி கீழே அவை நின்றுகொண்டிருக்கும் என்பதே அவருடைய கவலை. கிருஷ்ணகிரி அணையின் 52 அடியும், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையும், தென்பெண்ணையின் மணல் திட்டுகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆகவே, படகைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கணக்கில் கொள்ள வேண்டியது ஆறு நிறைந்து ஓடும் மாதத்தை அன்று. நாம் மீன்பிடிக்கப் போகும் மாதங்களிலேயே தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் வாரத்தை.

ஒரு படகு தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் இறங்கி நிற்கிறது என்பதை 'மூழ்கும் ஆழம்' என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். படகு விற்பவர்கள் இதை 'டிராஃப்ட்' என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் பரிசல். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் ஒரு காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசிச் செய்யப்படும் இந்த வட்டக் கூடை, நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டும் பாறைக்கு மேல் அரை முழத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிறது. காரணம் எளியது. எந்த மிதக்கும் பொருளும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கித்தான் மிதக்க முடியும். விலக்க வேண்டிய தண்ணீரைப் பரிசலின் அகன்ற தட்டை அடிப்பகுதி பரப்பி எடுத்துக்கொள்வதால், ஆழமாக இறங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இதே கணக்கைச் சிறு படகுக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு அடி நீளமுள்ள, அடி தட்டையான ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதால், தண்ணீரில் உண்மையாகப் படியும் நீளம் சுமார் 3 மீட்டர் என்றும், அடியின் அகலம் 1.1 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், பரப்பு 3.3 சதுர மீட்டர். அப்படியானால் படகு ஒவ்வொரு சென்டிமீட்டர் இறங்கும்போதும் 33 லிட்டர் தண்ணீரை, அதாவது 33 கிலோ எடையைத் தாங்குகிறது. இப்போது சுமையைக் கூட்டுவோம். படகு 65 கிலோ, ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் 26 கிலோ, எரிபொருளும் கேனும் 11 கிலோ, இரண்டு ஆட்கள் 140 கிலோ, வலையும் ஐஸ் பெட்டியும் பிடித்த மீனும் சேர்ந்து 48 கிலோ. மொத்தம் 290 கிலோ. 290-ஐ 33-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். இரண்டு ஆட்களுடனும் எல்லாச் சாமான்களுடனும் அந்தப் படகு கணுக்கால் அளவுக்குத்தான் இறங்குகிறது.

அதே நீளமும் அகலமும் கொண்ட, ஆனால் அடிப்பகுதி நடுவில் கூராக இறங்கும் படகு ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 பாகை சாய்ந்து ஏறும் அடி என்றால், அதே 290 கிலோவுக்கு அது சுமார் 16 சென்டிமீட்டர் இறங்கும். கடலில் அலையைப் பிளந்து செல்வதற்கு இந்தக் கூர் வேண்டும். கூர் இல்லாத படகு அலையில் மடார் மடார் என்று அடி வாங்கும். நம் ஆற்றில் அப்படிப்பட்ட அலை கிடையாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆடிக் காற்று வீசும் நாட்களில் மட்டும் நாகமரைத் துறையிலேயே அலை எழும்புவதைப் பார்க்கலாம். அங்கேயே முழு நேரமும் மீன்பிடிக்கப் போகிறவர், முன்பக்கம் மட்டும் சற்றுக் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் அமைந்த படகை வாங்குவது நல்லது. மற்றவர்களுக்குத் தட்டை அடியே போதும். நின்றுகொண்டு வீச்சு வலை எறிபவருக்கும் தட்டை அடிதான் கால் கொள்ளும். ஆனால் அகலம் நான்கு அடிக்குக் குறைந்தால் அந்த உறுதியும் போய்விடும்.

தட்டை அடிக்கு ஒரு குணக்கேடு உண்டு. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது தேங்கி நிற்காமல், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை மேலும் அதிகமாக்கும். மேற்சொன்ன படகில் 5 சென்டிமீட்டர் மழைத்தண்ணீர் தேங்கினால் அது 165 லிட்டர், அதாவது கூடுதலாக இரண்டு ஆள் ஏறி உட்கார்ந்து, அந்த இரண்டு ஆளும் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருப்பதற்குச் சமம். ஒரு பழைய பெயின்ட் டப்பா எப்போதும் படகில் கிடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்னது பாதிதான். படகு 9 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று மகிழ்ந்துகொண்டே பின்பக்கம் போய்ப் பார்த்தால், அங்கே எஞ்சினின் கால் தொங்கிக்கொண்டிருக்கும். படகுக்கு வெளியே, பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரில் ப்ரொப்பல்லருக்குச் சற்று மேலே தட்டையான உலோகத் தகடு ஒன்று படுக்கை வசத்தில் இருக்கும். மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு ப்ரொப்பல்லர் வெறுமனே சுற்றுவதைத் தடுப்பது அந்தத் தகட்டின் வேலை. அது படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்குமாறு எஞ்சினைப் பொருத்த வேண்டும். அந்தத் தகட்டுக்குக் கீழே ப்ரொப்பல்லரும் அதன் அடியில் துடுப்பு போன்ற கூர்முனையும் சேர்ந்து, சிறிய எஞ்சினிலேயே 25 முதல் 28 சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். ஆக, படகின் 9 சென்டிமீட்டரோடு 27-ஐக் கூட்டினால் 36. தரைக்கும் கூர்முனைக்கும் இடையே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி விட்டால் 46 சென்டிமீட்டர், அதாவது சரியாக ஒரு முழம். படகு கால் முழத்துக்கும் குறைவாகவே இறங்குகிறது. மிச்சத்தையெல்லாம் கேட்பது எஞ்சினின் கால்தான். அடிப்பகுதியின் வடிவத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு எஞ்சினின் காலை அளக்காமல் வாங்கி வருகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

நானும் அப்படித் தவறியவன்தான். நண்பர் ஒருவரும் நானும் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பழைய ஃபைபர் படகொன்றை எஞ்சினோடு சேர்த்து வாங்கி வந்தோம். கூர்மையான அடி, எஞ்சினோ நீண்ட தண்டு கொண்டது. அவுட்போர்டு மோட்டார்களில் தண்டின் நீளம் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உயரத்துக்கு ஏற்ற தண்டை மாட்ட வேண்டும் என்ற எளிய விதி அப்போது எங்களுக்குத் தெரியாது. 15 அங்குலப் பலகையில் 20 அங்குலத் தண்டு. ஆகவே ப்ரொப்பல்லர் தேவையில்லாமல் ஐந்து அங்குலம் கீழே தொங்கியது. முதல் நாளே மணல் திட்டில் 'டக்' என்றொரு சத்தம் வந்தது. எஞ்சின் உறுமியது, படகு நகரவில்லை. சியர் பின் அறுந்திருந்தது. ப்ரொப்பல்லர் எங்காவது மோதினால் பல்சக்கரம் உடையாமல் தான் அறுந்து காக்கும் சிறிய பித்தளை ஊசி அது. சில எஞ்சின்களில் அதற்குப் பதிலாக ரப்பர் புஷ் இருக்கும். கைவசம் மாற்று ஊசி இல்லாததால், இரண்டு கிலோமீட்டர் தூரத்தை மூங்கில் கழியால் ஊன்றிக்கொண்டே திரும்பினோம். அதற்குப் பிறகு எரிபொருள் கேனில் கயிறு கட்டி, இரண்டு மாற்று ஊசிகளும் ஒரு குறடும் அடங்கிய பொட்டலத்தைத் தொங்கவிடாமல் நாங்கள் துறையை விட்டுக் கிளம்பியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எஞ்சினும், அதை ஓட்டுகிறவரும், எரிபொருளும் பின்பக்கமே இருப்பதால் படகு சமமாக இறங்குவதில்லை. சராசரி 9 சென்டிமீட்டர் என்று கணக்கு சொன்னாலும், பின்முனை 13, 14 சென்டிமீட்டர் இறங்கி, முன்முனை தூக்கிக்கொண்டு நிற்கும். கடற்கரை மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் அழைக்கிறார்கள். எரிபொருள் கேனையும் ஐஸ் பெட்டியையும் அணியத்துக்கு மாற்றி, இரண்டாம் ஆளையும் முன்னால் உட்கார வைத்தாலே, ஒரு பைசா செலவில்லாமல் நாலைந்து சென்டிமீட்டர் ஆழம் மிச்சமாகிவிடும்.

எஞ்சினின் காலைக் குறுக்குவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெரும்பாலான சிறு அவுட்போர்டு மோட்டார்களிலேயே இருக்கும் வசதி. எஞ்சினைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ஆழமில்லாத நீருக்கென்று உள்ள நிலையில் நிறுத்திக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். இதில் விசை குறையும், திருப்புவதும் சற்றுத் தடுமாறும். ஆனால் ஒரு திட்டைக் கடக்க இது போதும். இப்படி ஓட்டும்போது, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளை நீருக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினின் பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். மணல் கலந்த நீரைத் தொடர்ந்து உறிஞ்சினால் உள்ளே அந்த நீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துபோகும் என்பதால், நம் ஆறுகளில் ஓடும் எஞ்சினுக்கு அதை ஆண்டுதோறும் மாற்றுவது நல்லது.

இரண்டாவது வழி, ஜெட் எனப்படும் அமைப்பு. ப்ரொப்பல்லருக்குப் பதிலாக, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிக்கும் பம்பு. கீழே எதுவும் தொங்காது என்பதால் கல் நிறைந்த ஆறுகளில் வெளிநாட்டினர் இதை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். ஆனால் எஞ்சினின் விசையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இதில் வீணாகிறது. உறிஞ்சும் வாயில் கூழாங்கல்லும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ளும். கெலவரப்பள்ளிப் பக்கத்து நீரைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நம் பக்கத்தில் இதைப் பழுதுபார்க்க ஆள் தேடுவதும் பெரும்பாடு. தொடக்கநிலையில் இருப்பவர் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'லாங் டெயில்' என்று நம் கடற்கரை மீனவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் நீள்வால் எஞ்சின் அது. எஞ்சின் படகின் மேலேயே உட்கார்ந்திருக்க, அதிலிருந்து ஆள் உயரத்துக்கும் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ நீளும் இரும்புத் தண்டு சாய்வாகப் பின்னால் போய், நுனியில் சிறிய ப்ரொப்பல்லருடன் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுற்றும். கைப்பிடியை அழுத்தினால் நுனி உயரும். திட்டு வந்தால் ப்ரொப்பல்லரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக்கொண்டு, படகு தன் வேகத்திலேயே வழுக்கிக் கடக்கும். பாசியும் கொடியும் சுற்றினால் தூக்கி உதறிவிடலாம். ஒரு சாண் தண்ணீர் இருந்தால் இது ஓடிவிடும். நம் ஊருக்கு இதில் இன்னொரு வசதி இருக்கிறது. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்புசெட்டில் உள்ளதைப் போன்ற, காற்றால் குளிர்விக்கப்படும் ஐந்தாறு குதிரைத்திறன் எஞ்சினை இதில் மாட்ட முடியும் என்பதால், மணலை உறிஞ்சும் பம்பும் இல்லை, பழுதானால் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ பம்புசெட் மெக்கானிக்கிடமே கொண்டுபோய்விடலாம். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும். பெரும்பாலானவற்றில் பின்னோக்கிச் செலுத்தும் கியர் கிடையாது. நாள் முழுக்க அந்த நீண்ட வாலைப் பிடித்துத் திருப்பினால் தோள் இற்றுப்போகும். சுற்றும் ப்ரொப்பல்லர் படகிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், துறையில் குளித்துக்கொண்டிருப்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

மின்மோட்டாரைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். சத்தமில்லாமல் மீனை நெருங்குவதற்கு அதற்கு இணை கிடையாது. அதன் திறனைக் குதிரைத்திறனில் சொல்லாமல் பவுண்டு உந்துவிசையில் சொல்வார்கள். மொத்த எடையில் நூறு பவுண்டுக்கு இரண்டு பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் 290 கிலோ ஏறக்குறைய 640 பவுண்டு என்பதால், தேங்கிய நீரில் 13 பவுண்டே போதும். ஓட்டமுள்ள ஆற்றில் அதைப்போல மூன்று நான்கு மடங்காவது வேண்டும். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் கெடுதலின்றிப் பயன்படுத்த முடியும் என்பதால், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அந்த பேட்டரி முப்பது கிலோ எடை. நம் கணக்குப்படி படகு மேலும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். லித்தியம் பேட்டரியில் எடை பாதிக்கும் கீழே குறையும், விலை அதற்கேற்ப ஏறும். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி போன்ற தேங்கிய நீரில், உரிய அனுமதியோடு காலை நேரத்தில் மட்டும் தூண்டில் போடுபவருக்கு இது பொருந்தும். காவிரியின் ஓட்டத்தை எதிர்த்து வீடு திரும்ப வேண்டியவர் இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

இனி குதிரைத்திறனுக்கு வரலாம். சிறு படகுகள் இரண்டு விதமாக ஓடும். தண்ணீரை விலக்கிக்கொண்டு அதனுள்ளேயே நகர்வது ஒரு விதம். வேகம் கூடிய பின் நீர்மட்டத்தின் மேல் எழும்பிச் சறுக்கிக்கொண்டு போவது மற்றொரு விதம். முதல் வகையில் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீரில் படியும் நீளம் பத்து அடி என்றால் அந்த எல்லை மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினால் பின்பக்கம் குழியில் இறங்கி, படகு மலையேறுவது போல நிமிர்ந்து நிற்குமே தவிர, வேகம் கூடாது. எரிபொருளும் ஆழமும்தான் வீணாகும். சறுக்கி ஓட வேண்டுமானால் நம் 290 கிலோவுக்குப் பத்துக் குதிரைத்திறனுக்குக் குறையாமல் வேண்டும். அந்த எஞ்சினோ 40 கிலோ. சறுக்கும்போது படகு குறைந்த நீரிலும் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் திட்டுக்கு நடுவில் வேகம் குறைந்துவிட்டால் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். பாறை நிறைந்த நம் காவிரியில் அந்த வேகத்தில் ஒரு கல்லைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. நான்கிலிருந்து ஆறு குதிரைத்திறன் போதும் என்பது என் கருத்து. ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கட்லாவும் ரோகுவும் எவ்வளவு விலைக்குப் போனாலும் அன்றாடச் செலவு அன்றாடச் செலவுதான்.

படகு எதனால் செய்யப்பட்டது என்பதில் அலுமினியம், ஃபைபர், வார்ப்புப் பிளாஸ்டிக் என்ற மூன்றுக்குள்தான் பெரும்பாலும் தேர்வு இருக்கும். பாறையில் மோதினால் அலுமினியம் நெளியும், ஃபைபர் விரிசல் விடும், பிளாஸ்டிக் சிராய்த்துக்கொண்டு போய்விடும். அலுமினியம் எடை குறைவு. கிழிந்தால் ஆர்கான் வெல்டிங் வேண்டும், ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் அதற்கு ஆள் கிடைக்கும். ஃபைபரைக் கரையிலேயே பிசினும் இழைப் பாயும் வைத்து நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய பலம். மேல் பூச்சு பெயர்ந்த இடத்தை அப்படியே விட்டால் உள்ளே நீர் ஊறி எடை ஏறிவிடும் என்பது பலவீனம். பிளாஸ்டிக் படகு உறுதியானது, ஆனால் கனமானது; வெயிலில் கிடந்தால் காலப்போக்கில் மொறுமொறுப்பாகும். காற்றடைத்த ரப்பர் படகு சுமக்க இலகுவானது என்றாலும், கருவேல முள்ளும் கூரிய பாறையும் நிறைந்த கரையில் அதற்கு ஆயுள் குறைவு.

நீளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருபது அடிக்குக் குறைந்த படகுக்கு, நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்று ஒரு வழக்கக் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு அடிக்கு நான்கடி என்றால் 48; வகுத்தால் மூன்று பேர். வலையும் மீனும் ஏறும் படகில் அதையும் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுபோவதாக இருந்தால், பன்னிரண்டு அடிக்கு மேல் போனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் தொல்லையாகிவிடும். எஞ்சின் இல்லாத வெறும் படகை இரண்டு பேர் தூக்கி நூறு அடி நடக்க முடியுமா என்று விற்பவர் முன்னாலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள். கோடையில் துறைக்கும் தண்ணீருக்கும் இடையே அந்தத் தூரம் நிச்சயம் இருக்கும்.

படகை வாங்குவதற்கு முன்பே அனுமதிகளைப் பற்றி விசாரித்துவிட வேண்டும். இயந்திரத்தால் இயங்கும் கலங்களுக்குத் தகுதிச் சான்றும் பதிவும் வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டத்தின் நிலை. அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பதற்கு மீன்வளத்துறையின் உரிமமோ குத்தகைதாரரின் ஒப்புதலோ தேவைப்படும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் பக்கத்துக் காவிரிக் கரையின் பெரும்பகுதி காடு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. அவற்றின் எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றம். இந்த ஆற்றில் வாழும் மாசீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பது. அது வலையில் விழுந்தால் உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல்களுக்குத் தடை விதிப்பதைச் செய்திகளில் கேட்கிறோம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம்; நொடிக்கு இருபதாயிரம் கன அடி என்று சொன்னால், ஒவ்வொரு நொடியும் ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் நம்மைக் கடந்து போகிறது என்று பொருள். மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் படகை அந்த ஓட்டத்துக்குள் இறக்குவதில் எந்தத் திறமையும் இல்லை. அருவிக்கு மேலேயும் கீழேயும் உள்ள பாறைச் சந்துகள் பரிசல்காரர்களின் கைப்பழக்கத்துக்கு உரியவை. மோட்டார் படகுக்கு அங்கே வேலை இல்லை.

உயிர்காப்பு அங்கி, எஞ்சினோடு இணைந்த நிறுத்துக் கயிறு, ஒரு சோடித் துடுப்பு, பன்னிரண்டு அடி மூங்கில் கழி ஆகிய நான்கையும் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஓட்டுகிறவர் தவறி விழுந்த உடனே எஞ்சின் நின்றுவிடும். ஆள் இல்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவரையே இடிக்கும் அபாயம் அதனால் நீங்கும். படகு தரை தட்டினால் உடனே குதித்துத் தள்ளுவது நமக்கு இயல்பு. காவிரியில் முதலைகள் உண்டு என்பதை நினைவில் வைத்து, அந்தி மயங்கிய பின் இறங்காமல் கழியால் ஊன்றித் தள்ளுவதே நல்லது.

பழைய படகை வாங்குவதானால் மூன்று இடங்களைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதும். பின்பலகையின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டினால் அது அசையக் கூடாது. உள்ளே பலகை உளுத்திருந்தால் நகத்தால் தட்டும்போதே பொத்தென்று சத்தம் வரும். ப்ரொப்பல்லரின் விளிம்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பற்கள் போலச் சிதைந்திருந்தால் அந்த எஞ்சின் நிறையக் கற்களைப் பார்த்துவிட்டது. கியர் எண்ணெயை ஒரு சொட்டு வடித்துப் பார்த்து, அது பால் கலந்த காப்பி போல இருந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், தேங்கிய நீர் உள்ள ஒரு துறையில் படகை இறக்கச் சொல்லி, உங்களோடு வரும் ஆளையும், கல்லை நிரப்பிய இரண்டு சாக்குகளையும், எரிபொருள் நிரம்பிய கேனையும் அன்றாடம் இருக்கும் இடங்களிலேயே வைத்துக்கொண்டு உட்காருங்கள். கரையில் நிற்பவர் ஒருவர் மூங்கில் கழியைப் பின்பலகையை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனை எஞ்சினின் கூர்முனைக்குச் சமமாக வரும்படி இறக்கி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடட்டும். அதற்கு மேலே பத்து சென்டிமீட்டர் விட்டு இன்னொரு கோடு. கரைக்கு வந்ததும் அந்த இரண்டாவது கோட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஆற்றில் போகும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கழியை ஊன்றிக்கொண்டே வருவார். சிவப்புக் கோடு தண்ணீருக்கு வெளியே தெரிகிறது என்று அவர் குரல் கொடுத்ததும், எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியதுதான்.